பூசி அடைத்த கூடு

செப்டம்பர் 18, புதன்

காலையில் தண்ணீர் பிடிக்கப் பின்கதவைத் திறந்தால் பொடக்காளி முற்றம் முழுக்க வெள்ளை இறகு. வேப்ப மரத்தடியிலிருந்து பின்மதில் வரைக்கும் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். மரநாய் வேலைதான். நேற்று சாயங்காலம்தான் அந்த வெள்ளைக் கோழி மரமேறுவதைப் பார்த்தேன்.

இந்த வீட்டுக் கோழிகளுக்குக் கூடு கிடையாது. இருட்டுக் கட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாக வேப்ப மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நான் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் இது இரண்டாவது. இனி ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "தீவாளி வரட்டும். எல்லாத்தையும் புடிச்சுக் கறிக்கடைக்குக் குடுத்துரலாம்" என்றார். கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சென்னியப்பன் கொத்தனார் என்றால் அந்தியூர்ப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. அவர் பூசிய சுவரில் கை வைத்தால் வழுக்கும் என்பார்கள்.

அவர் மகள் தாரணி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்று இறகுகளைப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். கோழிகள் அவள் அம்மா வளர்த்தவை. அந்த அம்மா, வசந்தாமணி, போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தோட்டத்தில் புல்லறுக்கும்போது பாம்பு கடித்துவிட்டது என்று என்னைப் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள்.

மிச்சம் எட்டுக் கோழிகள். அவற்றைக் கறிக்கடைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரு வழி யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

பால்வாடியில் வேலை பார்த்த வருடங்களில் அன்றன்று நடந்ததை எழுதி எழுதி, இப்போது எழுதாவிட்டால் தூக்கம் வருவதில்லை. எழுதுவதற்குக் கோழிகள் இருப்பது நல்லதாகப் போயிற்று. மற்றதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

அவர் இன்றும் முன்கூடத்தில்தான் பாய் போட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கூடு கிடையாது என்று எழுதியது தவறு. ஒன்று இருக்கிறது.

சமையலறையின் வெளிச்சுவரும் பக்கமதிலும் சேரும் மூலையில், இடுப்பளவு உயரத்தில் செங்கல் மேடை ஒன்று. பாத்திரம் கழுவிக் கவிழ்க்கக் கட்டியது என்று நினைத்திருந்தேன். இன்று சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். மரத்துக்குப் போகும் முன் கோழிகள் எல்லாம் அந்த மேடைக்கு முன்னால் வந்து நின்றன. கொத்தவில்லை, கிளறவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரைப் பார்த்தன. பிறகு யாரோ விரட்டியதுபோல ஒன்றன்பின் ஒன்றாக மரத்துக்குப் போய்விட்டன.

கிட்டே போய்ப் பார்த்தேன். அது கோழிக்கூடு. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மேலே பூசியிருக்கிறார்கள். பூச்சா அது! மேடும் பள்ளமுமாக இருந்தது. கரண்டி பிடிக்காமல் கையாலேயே கலவையை அள்ளி அப்பியதுபோல விரல்கள் பதிந்திருந்தன. என் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். பெரிய கை.

சாப்பாட்டின்போது கேட்டேன். "ஏனுங்க, அந்தப் பழைய கூட்டத் தெறந்துட்டா வேற கூடே வேண்டாமுங்களே?"

அவர் சாப்பாட்டை நிறுத்தினார். "அது கூடு இல்ல. அதத் தொடாத" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. தாரணி குனிந்தபடி தன் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 25, புதன்

பக்கத்து வீட்டு ராமாத்தா அக்காவிடம் யோசனை கேட்டேன். "எட்டுக் கோழிக்கு எதுக்குப் புள்ள கூடு? ரெண்டு பஞ்சாரம் வாங்கிக் கவுத்து வெய்யி, மேல ஒரு கல்ல வெய்யி, முடிஞ்சுது" என்றார். சந்தையில் இரண்டு மூங்கில் பஞ்சாரம் வாங்கி வந்தேன். கோழிகளைப் பிடித்து உள்ளே விடுவதற்குள் கையெல்லாம் கீறல்.

இன்னொன்று. அடைத்த கூட்டின் அடியில், சுவர் தரையைத் தொடும் இடத்தில், ஒரு பிடி அரிசி கிடந்தது. நான் போடவில்லை. நேற்றும் கிடந்தது. எறும்பு கொண்டுவந்திருக்கும் என்று நேற்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிடி அரிசியை எந்த எறும்பு கொண்டுவரும்?

செப்டம்பர் 27, வெள்ளி

குழாய்த் தண்ணீர் வரும் முன்னே விழிப்பு வந்துவிட்டது. இன்னும் வெளுக்கவில்லை. பின்பக்கம் ஒரு பெண்குரல் கோழியைக் கூப்பிட்டது. "பே... பே... பே..." மெதுவாக, மூக்கால் பேசுவதுபோல. ஒரு முறை கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி கூப்பிட்டது.

விளக்கைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கும்போது யாரும் இல்லை. சுவரடியில் புது அரிசி.

ராமாத்தா அக்காவிடம் குரலை அப்படியே செய்து காட்டினேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அப்படித்தான் கூப்புடுவா வசந்தாமணி" என்றார். "பண்ணாரி கோயிலுக்குப் போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து வாசல் நெலவுல கட்டு. அவருகிட்டச் சொல்லாத."

சொல்லவில்லை. இந்த வீட்டில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 28, சனி

பஞ்சாரம் தோற்றுவிட்டது. தெருநாய்கள் மதில் தாண்டி வந்து ஒன்றை உருட்டித் தள்ளியிருக்கின்றன. ஒரு கோழி போயிற்று. மற்றவை மரத்தில்.

தாரணிக்குக் காலாண்டு விடுமுறை. நசுங்கிக் கிடந்த பஞ்சாரத்தைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "மூடி வெச்சா அதுகளால ஓட முடியாதுல்ல" என்றாள். நான் இங்கே வந்த பிறகு அவளாக என்னிடம் பேசியது இதுதான் முதல் முறை. "ஆமாஞ் சாமி" என்றேன்.

அக்டோபர் 2, புதன்

வெல்டிங் பட்டறை இஸ்மாயிலை வரச் சொல்லியிருந்தேன். இரும்புச் சட்டம், சுற்றிலும் கம்பிவலை, மேலே தகரம். நாய் தள்ளினாலும் அசையாது என்றார். அவர் டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கும்போது தாரணி கதவோரம் வந்து நின்றாள்.

"பூட்டு வெப்பீங்களா?"

"வெச்சுட்டாப் போவுது பாப்பா."

"சாவி தொலஞ்சு போச்சுன்னா?"

"ஒடச்சுக்கலாம்."

"யாருமே ஒடைக்கலைன்னா? உள்ள இருந்து கத்துனா வூட்டுக்குள்ள கேக்குமா?"

இஸ்மாயில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இரண்டு கைகளாலும் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ராமாத்தா அக்கா வீட்டுக்குப் போய் அந்த அடைத்த கூட்டைப் பற்றி நேராகக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். பாம்பு கடித்தது தோட்டத்தில் இல்லை. அந்தக் கூட்டில். வசந்தாமணி உள்ளே கையை விட்டிருக்கிறாள். நல்லபாம்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

"பொணம் வூட்டுக்கு வர்றதுக்கு முன்னால இவன் வந்துட்டான் புள்ள. யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல. சிமிட்டியக் கொழச்சு, பாம்போட சேத்துப் பூசறேன்னு பூசிட்டான். நாங்க வாசல்ல பாய் விரிச்சுட்டு இருக்கறோம், பொறத்தால கல்லு அடுக்கற சத்தம் கேக்குது."

புது மனைவியிடம் இதை ஏன் மறைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் முன்பு வாழ்ந்த வீட்டைப் பற்றி இவர்களும்தான் முழுதாகக் கேட்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பண்ணாரியில் வாங்கிய எலுமிச்சம்பழம் மடியில் இருந்தது. பயமில்லை என்று எழுதினால் பொய்.

கிழக்கே லேசாக வெளுக்கும்போது அந்தக் குரல் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன்.

தாரணி.

சுவரடியில் குந்தியிருந்தாள். உள்ளங்கை அரிசியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, "பே... பே... பே..." என்றாள். பிறகு காதைச் சிமெண்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்கள் மூடியிருந்தன. டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்பாரே, அதுபோல. வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து படுத்துவிட்டாள்.

நான் வெளியே போகவில்லை. பால்வாடியில் தனக்குத்தானே பேசி விளையாடும் பிள்ளையைக் கூப்பிட்டால் திடுக்கிட்டு அழும். அது எனக்குத் தெரியும். ஆனால் இது விளையாட்டில்லை.

அவள் போன பிறகு நானும் அங்கே காதை வைத்தேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தாரணி தட்டில் ஒரு தோசை கூடுதலாக வைத்தேன். சாப்பிட்டாள்.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் கறுப்புக் கோழி மரத்தடியில் சேற்றில் விறைத்துக் கிடந்தது. மற்ற ஆறும் ஈரத்தில் ஒடுங்கிக் கிளையிலேயே இருந்தன. இறங்கக் கூடத் தெம்பில்லை.

தாரணி செத்த கோழியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடைத்த கூட்டுக்கு முன்னால் வைத்தாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

"அங்க எதுக்கு வெக்கற? எடு அத. எடுன்னா!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிள்ளை கோழியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பினார். "தீவாளியெல்லாம் பாக்க வேண்டாம். நாளைக்கே ஆளு வரச்சொல்லி எல்லாத்தையும் புடிச்சுக் குடுத்துடறேன்."

இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. "குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தச் சுவத்த இடிச்சுட்டுக் குடுங்க. கோழி இல்லீனாலும் அந்தப் புள்ள வெடியால எந்திரிச்சு அங்கதான் போயி உக்காரும். தெனமும் போகுதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியும்.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைத்த கடப்பாரையை இன்று காலை அவரே எடுத்தார்.

தாரணியை ராமாத்தா அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. "உள்ள பாம்பு இருந்தாலும் இருக்கும் கண்ணு, தள்ளி நில்லு" என்றார்.

"பாம்பு இருக்காதுப்பா. கோழிதான் இருக்கும்."

ஓங்கிய கடப்பாரை அப்படியே நின்றது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பாடம் ஒப்பிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல். "அம்மா செவலக் கோழிய அடை வெச்சிருந்துச்சு. நாள் ஆச்சு, குஞ்சு பொரிச்சிருச்சான்னு பாரும்மான்னு நாந்தான் சொன்னேன். அதுக்குத்தான் கைய உட்டுச்சு. நீங்க பூசறப்ப செவல உள்ளதான் இருந்துச்சு. அம்மாவ எடுத்துட்டுப் போன பொறகும் கத்திட்டே இருந்துச்சுப்பா. அடுத்த நாளும் கத்துச்சு. நான் அரிசி கொண்டாந்து கொண்டாந்து வெச்சேன். எப்படி உள்ள போடறதுன்னு தெரியல. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் கேட்டுச்சு கண்ணு."

கையால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டே அவர் மேலும் சொன்னார்.

"சாவுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் போன பொறகு நல்லாவே கேட்டுச்சு. பாம்பு வெளிய வந்துரும்னு சொல்லிக்கிட்டேன். அதில்ல. உங்கம்மா கைய உட்ட எடத்த என்னால தெறக்க முடியல. கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்."

தாரணி அழுதாள். அவள் அழுது இன்றுதான் பார்த்தேன். அவர் அவளைத் தொடவில்லை, தொடத் தைரியமில்லாதவர் மாதிரி கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் நடுவில் போய் நிற்கவில்லை. எனக்கு அங்கே இடமில்லை என்று பட்டது. கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதுதான் நான் செய்தது.

நாலைந்து இடியில் சுவர் விழுந்துவிட்டது. அந்த மனிதர் கட்டியதில் அதுபோல் எளிதாக விழுந்த சுவர் வேறு இருக்காது.

சிவப்புக் கோழி உள்ளே உட்கார்ந்தபடியே இருந்தது. இறகு மட்டும்தான், ஆனால் உட்கார்ந்திருந்த அந்த வாகு கலையவில்லை. இறக்கைகளைக் கொஞ்சம் விரித்து எதையோ மூடிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த முட்டைகளை நான் எண்ணவில்லை. ஓடு உடைந்தவையும் இருந்தன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பாம்பு இல்லை. மதிலை ஒட்டிய பின்மூலையில் ஒரு செங்கல் பெயர்ந்து வெளியே போகும் ஓட்டை இருந்தது. அன்றைக்கே அந்த வழியாகப் போயிருக்கும். அந்த ஓட்டையில் கோழியின் தலை போகும், உடம்பு போகாது.

தாரணி குனிந்து பார்த்தாள். "அப்பா, குஞ்சு அதுல போகுமா?"

அவர் யோசிக்கவே இல்லை. தோள் வரைக்கும் கையை இருட்டுக்குள் விட்டு, அந்த ஓட்டையை விரல்களால் அளந்தார். பிள்ளை வீறிட்டது. "எடுங்கப்பா! கைய எடுங்க!" அவர் நிதானமாக அளந்து முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"போகும் கண்ணு. தாராளமாப் போகும். போயிருக்கும்."

மதிலைச் சுற்றி வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த ஓட்டை முடியும் இடத்துக்கு நேர் கீழே சாக்கடை, ஆழமாக ஓடுகிறது. திரும்பி வந்து, "பின்னால வெறும் புல்லுதான்" என்று சொன்னேன்.

அக்டோபர் 14, திங்கள்

சிவப்புக் கோழியையும் முட்டைகளையும் அடை வைத்த கூடையோடு எடுத்துப்போய் வாய்க்கால் மேட்டில் புதைத்தோம். கறுப்புக் கோழியை அன்றைக்கே அங்கே புதைத்திருந்தாள் தாரணி. மிச்சச் செங்கல்லையெல்லாம் அவர் தெருவில் போட்டுவிட்டார். ஒன்றைக்கூடத் திரும்ப உபயோகிக்க மாட்டேன் என்றார்.

கறிக்கடைப் பேச்சு நின்றுவிட்டது. மதியம் அவராகவே வந்து கேட்டார். "எப்படிக் கட்டலாம்? நீ சொல்லு."

இத்தனை நாள் யோசித்ததைச் சொன்னேன். சுவரை ஒட்டி வேண்டாம், நாலு பக்கமும் ஆள் சுற்றி வருகிற மாதிரி நடுவில் இருக்கட்டும். தரையில் வேண்டாம், இடுப்பளவு தூணின்மேல் நிற்கட்டும். கீழே இடைவெளி விட்டு மரச்சட்டம், எச்சம் அதுவாக விழுந்துவிடும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உள்ளே எல்லா மூலையும் தெரிய வேண்டும். முட்டையிடும் பெட்டி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல்மூடியைத் தூக்கினால் முட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். யாரும் இருட்டுக்குள் கையை விடக் கூடாது.

கடைசியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"பூட்டு வேண்டாம்" என்றாள் தாரணி.

"பூட்டு இல்ல. வெறும் கொண்டி. நீயே தெறந்துக்கலாம்" என்றார் அவர்.

அக்டோபர் 20, ஞாயிறு

தூண் நாலும் எழும்பிவிட்டன. இந்தச் சின்னத் தூணுக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார். மரநாய் ஏறாமலிருக்கத் தூணைச் சுற்றித் தகரம். வலையும் கதவும் முட்டைப் பெட்டியும் இஸ்மாயில் செய்து கொண்டுவந்தார். மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆருங்கக்கா போட்ட பிளான்?" என்று கேட்டார். "எங்க சித்தி" என்றாள் தாரணி.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

கூடு தயார். கோழிகள் ஏறவில்லை. பழைய கூடு இருந்த இடம் இப்போது வெறும் மண்தரை. அங்கே போய் நின்றுவிட்டு மரத்துக்குப் போகின்றன. மூன்று பேரும் துரத்திப் பிடித்து உள்ளே விட்டோம். அவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். தாரணி சிரித்தாள். அவரும் சிரித்திருப்பார், ஆனால் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

மறுபடியும் பிடித்துத்தான் விட்டோம்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று தாமாகவே ஏறிவிட்டன. முதலில் சேவல், பிறகு மற்றவை. நாங்கள் மூவரும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம். எல்லாம் ஏறிய பிறகு தாரணி போய்க் கொண்டி போட்டுவிட்டு வந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் பீடி பிடிக்கிறேன் என்று பின்னால் போனார். பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். பீடி பற்ற வைக்கவில்லை. கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு நனைந்த தலையோடு வந்து படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தாரணி தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து வந்தாள். செம்பைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய், அவளும் கொண்டியை எடுத்து, ஒவ்வொரு கோழியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவர் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது அவருக்குத் தெரியாது. நான் இருவரிடமும் சொல்லப் போவதில்லை.

அவர்கள் தூங்கிய பிறகு நானும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.